ஹெல்கெ அண்ணை தூக்கிய ஒரே கிண்ணம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் புறப்படும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஹெல்கெயின் மகள். அப்பா நேற்று மாலை இறந்துவிட்டார் என்றாள். பிறகு, அந்த வெற்றிக் கிண்ணம் இன்னும் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள். சவப்பெட்டியின்மேல் வைக்க வேண்டுமாம்.

அகதி விடுதியில் அந்த ஆண்டுகளில் என்னோடு இருந்தவர்களுக்கு ஹெல்கெயை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டென்மார்க்காரர், தொழில்முறை உதைபந்தாட்டக்காரர், பின்கள வீரர். சொந்த ஊர்க் கழகத்தில் தொடங்கி, ஜெர்மனியில் ஆஹெனுக்கு அருகே எங்கள் நகரத்துக் கழகத்துக்குப் பல ஆண்டுகள் ஆடினார். முழங்கால் கைவிட்டதும் ஓய்வுபெற்று, அங்கேயே விளையாட்டுச் சாமான் கடை போட்டார்.

எண்பத்தைந்தாம் ஆண்டுக் கோடை. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கிய எங்களைப் பெர்லினிலிருந்து அந்த நகரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. விடுதிக்குப் பின்னால் சரளைக்கல் பரவிய கிறவல் நிலத்தில் பொழுதுபடும்வரை பந்தடித்தோம். ஒருநாள் நாயோடு வந்து நின்ற ஹெல்கெ, பந்து கிடைக்கும்போதெல்லாம் நான் அதை வானத்துக்கு அடிப்பதையும் எங்கள் ஆட்கள் கைதட்டுவதையும் கண்டு சிரித்தார். யாழ்ப்பாணத்தில் 'பெக்', அதாவது பின்களத்தில், நிற்பவனுக்கு அதுதான் அழகு. எவ்வளவு உயரமோ அவ்வளவு மதிப்பு. அவர் ஏதோ கேட்க, எங்களில் ஜெர்மன் ஓரளவு தெரிந்த சிவா சொன்னான்:

"மேலை ஆர் நிக்கினம், ஆருக்கு அடிக்கிறியள் எண்டு கேக்கிறார்."

"ஊரிலை வந்து கேக்கச் சொல்லு," என்றேன். எனக்கு நல்ல கோபம். அடுத்த நாள் அவர் உதைபந்தாட்டச் சப்பாத்தோடு வந்து, என் பக்கத்தில் பெக் நின்றார். அந்த வாரமே அவர் எங்களுக்கு ஹெல்கெ அண்ணை ஆகிவிட்டார்.

ஒருநாள் விடுதிச் சமையலறையில் ஆட்டிறைச்சிக் கறி. மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், எத்தனை கிண்ணம் வென்றீர்கள் என்று சிவா கேட்டான். "ஒன்றுமில்லை," என்றார். இந்த நகரத்துக் கழகத்தோடு ஒரே ஒரு தடவை இறுதியாட்டம்வரை போனாராம். கடைசி நேரத்தில் பந்து காலுக்கு வர, பதறி வானத்துக்கு அடித்தாராம். அது சரிவரப் படாமல் எதிரியின் காலடியில் விழுந்து கோலாகிவிட்டது. "அன்றைக்கு நானும் உங்கள் ஊர்க்காரன்," என்று சிரித்தார். எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. இவருக்கு ஒரு கிண்ணம் எடுத்துக் கொடுக்காமல் விடுவதில்லை என்று அன்றே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கோடை நகரப் போட்டி வந்தது. கடைக்காரர்களின் அணி அவரை அழைத்தது. "எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள்," என்று சொல்லிவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு எங்களோடு இறங்கினார். நான்தான் தலைவன். தபால்காரர்களை வென்றோம், இறைச்சிக் கடைக்காரர்களை வென்றோம். இறுதியாட்டம் தீயணைப்புப் படையோடு. ஒவ்வொருவனும் கதவளவு இருந்தான்.

ஒரு கோல் முன்னால் நிற்கிறோம். ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து என் காலுக்கு வந்தது. ஒரு கதவு என்னை நோக்கி ஓடி வருகிறது. கோட்டோரம் நின்ற எங்கள் சனம் முழுவதும், "உயர அடி, உயர அடி," என்று கத்துகிறது. காலைத் தூக்கிவிட்டேன். அப்போது அண்ணையைக் கண்டேன். அவர் கத்தவில்லை. தள்ளி நின்று, உள்ளங்கையை மட்டும் தாழ்த்திக் காட்டினார். பந்தை மெல்ல அவரிடம் உருட்டினேன். அவர் அதைக் காலடியில் வைத்து, ஓடி வந்தவனைத் தன்னைக் கடந்து போகவிட்டு, நிதானமாகச் சிவாவுக்குக் கொடுத்தார். விசில் ஊதிவிட்டது.

கிண்ணத்தை நான் வாங்கி அவரிடம் நீட்டினேன். தலைவன்தான் தூக்க வேண்டும் என்றார்.

"அண்ணை, எங்கடை ஊரிலை மூத்த ஆள்தான் தூக்கிறது. பிடியுங்கோ," என்றேன். அப்படி ஒரு வழக்கமும் எங்கள் ஊரில் இல்லை. சிவா முகம் மாறாமல் மொழிபெயர்த்தான். ஹெல்கெ அண்ணை அதைத் தலைக்குமேல் தூக்கி, எங்கள் எல்லோருக்கும் முன்னால் விம்மி விம்மி அழுதார்.

வென்றால் ஊர்வலம் போகாமல் விடலாமா? அவருடைய கடையின் வான் வண்டியில் ஏறி, ஹோர்ன் அடித்து, சமையல் பானைகளில் தட்டிக்கொண்டு நகரத்தைச் சுற்றினோம். சந்தையடியில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார். பானைகளைக் கீழே வைத்துவிட்டோம். அவர் குனிந்து அண்ணையையும் மடியில் இருந்த கிண்ணத்தையும் பார்த்தார். பழைய இறுதியாட்டத்தைப் பார்த்து நொந்தவர்களில் அவரும் ஒருவராம். "கடைசியில் எடுத்துவிட்டாய்," என்று கைகொடுத்தார். பிறகு தன் காரின் நீல விளக்கைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனார். அரச மரியாதை என்றால் அதுதான்.

மறுநாள் காலையிலேயே கிண்ணத்தை விடுதிக்குக் கொண்டுவந்து என்னிடம் தந்துவிட்டார். "தூக்கியாயிற்று. வீட்டில் வைத்தால் தூசி துடைக்க வேண்டும்," என்றார்.

அதற்குப்பின் இத்தனை வீடு மாறியும் தூசி துடைத்து வந்தவன் நான். நாளை அதைக் கொண்டுபோய் அவர் பெட்டிமேல் வைப்பேன். திருப்பித் தந்தாலும் வாங்க மாட்டேன். மூத்த ஆள்தான் வைத்திருக்க வேண்டும், அது எங்கள் ஊர் வழக்கம். என்னிடம் இருப்பது அந்தத் தாழ்த்திய உள்ளங்கை. இன்றைக்கும் சனம் எல்லாம் கத்தும்போது அது எனக்குத் தெரிகிறது. நான் தூக்கிய காலை இறக்கிவிடுகிறேன்.