பாவுக்கு அடியில போன ஆட்டோ

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா போன மார்கழிக்கு முந்தி, ரெண்டு மாசமா ஒரு விஷயத்தை மட்டும் யாருக்கும் மூச்சு விடாம வச்சிருந்தேன். மாசாமாசம் வர்ற ரத்தம் நிக்காம போய்கினே இருந்துச்சு. அடிவயிறு கல்லு வச்ச மாதிரி கனத்துச்சு. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில கர்ப்பப்பையில புத்துநோய்னு சொன்னாங்க, அக்கா போய்ச் சேர்ந்துட்டா. எனக்கும் அதேதானோன்னு ஒரே பயம். தறியில உக்காந்தா கை பாட்டுக்கு நெய்யும், மனசு அக்காகிட்ட போயிடும்.

வீட்டுக்காரர்கிட்ட ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. அவருக்கு ஊசியைப் பாத்தாலே மயக்கம் வரும். சர்க்கரை இருக்கான்னு பாக்க ரத்தம் எடுக்கப் போனப்ப, நர்ஸ் அவர் கையில பஞ்சை வச்சாங்க பாருங்க, அதுக்கே மனுஷன் சரிஞ்சு வுழுந்தாரு. பஞ்சுக்கே இந்தக் கதின்னா, இந்தச் சேதிக்கு என்ன ஆவாரு? நான் என்னைப் பாப்பேனா, அவரைப் பாப்பேனா? போய்யான்னு நானே தனியா கிளம்பி, ஆரணில ஒரு லேடி டாக்டரைப் போய்ப் பாத்தேன்.

"ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்கம்மா, ஜல்தியா தெரிஞ்சிடும்"னேன்.

டாக்டரம்மா சிரிச்சாங்க. "எக்ஸ்ரே எலும்புக்கும் நெஞ்சுக்கும் நல்லது. கர்ப்பப்பை சதைம்மா, அதுல சரியா தெரியாது."

"எங்க மாமியாரை ஒரு பெரிய வளையத்துக்குள்ள படுக்க வச்சு எடுத்தாங்களே, அது?"

"அது சிடி. அதுவும் எக்ஸ்ரே கதிர்தான். சுத்திச் சுத்திப் படம் புடிச்சு, ரொட்டியைத் துண்டு போட்ட மாதிரி உள்ள இருக்கறதை அடுக்கடுக்கா காட்டும். எம்ஆர்ஐன்னா காந்தம். நகை நட்டெல்லாம் கழட்டி வச்சிட்டு உள்ள போகணும். உங்களுக்கு இப்ப ரெண்டும் வேணாம். மொதல்ல அல்ட்ராசவுண்ட் பாப்போம். கதிர் கிடையாது. காதுக்குக் கேக்காத சத்தத்தை உள்ள அனுப்பும், அது பட்டுத் திரும்பி வர்றதை வச்சுப் படம் வரும்."

"சத்தம்தானா? நான் வீட்ல போடற சத்தத்துக்கு இந்நேரம் படம் தெரிஞ்சிருக்கணுமே!"

அப்புறம்தான் குண்டைத் தூக்கிப் போட்டாங்க. ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நிறைய தண்ணி குடிக்கணுமாம். ஸ்கேன் முடியற வரைக்கும் பாத்ரூம் போகக்கூடாதாம். மூத்திரப்பை நிரம்பினா குடலை ஓரமா தள்ளுமாம், தண்ணி வழியா சத்தம் தடையில்லாம போகுமாம், அதுக்குப் பின்னாடி இருக்கற கர்ப்பப்பை நல்லா தெரியுமாம். கேக்கறதுக்கு சுலபமாத்தான் இருந்துச்சு.

ஸ்கேன் அன்னிக்கு மார்க்கெட்டுக்குப் போறேன்னு பொய் சொன்னேன். "போய்ட்டு வா, பெரிய தெருவுல பாவு நீட்றாங்க, கை குடுக்கணும்"னு அவரும் கிளம்பிட்டாரு. பாவுன்னா சேலைக்கு நீளவாட்டுல ஓடற பட்டு நூல் மொத்தமும். தறியில ஏத்தறதுக்கு முன்னாடி அதைத் தெருவுல இழுத்துக் கட்டி, கஞ்சி தெளிச்சு, அறுந்த இழையை முடிஞ்சு காய வைப்போம். வெயில் ஏறறதுக்குள்ள முடிஞ்சிடும்னு நம்பி, ஒரு சொம்புக்கு மேல ஒரு சொம்பா தண்ணியை ஊத்திகினேன். அன்னிக்குப் பாத்து பனி கொட்டோ கொட்டுன்னு கொட்டி, பாவையே லேட்டாதான் இழுத்திருக்காங்க!

எங்க சந்து பெரிய தெருவுல போய் முட்டும். நான் ஏறின ஆட்டோ சந்து முனைக்கு வந்தா, குறுக்கால பாவு நிக்குது. எங்க சேவூர் தெருவுல பாவைத் தாண்டக்கூடாது, அதுக்கடியில குனிஞ்சும் போகக்கூடாது. வண்டி வந்தா நிக்கணும். நிக்கறவங்க சும்மா நிக்காம எறங்கி ஒரு கை குடுக்கணும். அதுதான் வழக்கம். கல்யாண மாப்பிள்ளையே எறங்கி நின்னுருக்காரு.

"அண்ணி, ஆட்டோவுல என்ன குந்திகினு இருக்கே? இங்க இழை அறுந்திருக்கு பாரு, வா"ன்னு பாவுக்காரி கூப்பிட்டா. மாட்டேன்னு எப்படிச் சொல்றது? எறங்கினேன். குனிஞ்சு இழையை முடியறேன், அடிவயிறு வெடிக்குது. பக்கத்துல ஒருத்தன் கஞ்சித் தண்ணியை சளக்கு சளக்குன்னு தெளிக்கிறான். அடப்பாவி, உனக்கு வேற நேரமே கிடைக்கலியா! காலைப் பின்னிகினு நின்னேன். பல்லைக் கடிச்சேன். சாமியெல்லாம் கும்பிட்டேன்.

"என்னா அண்ணி, நெளியறே?"ன்னு அவ சிரிச்சா பாருங்க. அவ்ளோதான்.

"ஸ்கேனுக்குப் போறேண்டி! வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு நிக்கிறேன்! எங்க அக்காவுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கான்னு பாக்கணும், வழி வுடுங்கடி!"

பாவோட அந்தக் கோடியில முனையைப் புடிச்சிகினு நின்னது யாருன்னு அப்பதான் பாத்தேன். எங்க வீட்டுக்காரர். அவர் முகம் வெளுத்துப் போச்சு. செத்தேன், இதோ வுழப் போறாருன்னு நெனச்சேன். வுழல. "பாவைத் தூக்குங்க!"ன்னு ஒரு கத்து கத்தினாரு. அப்படி ஒரு குரல் அவருக்கு இருக்குன்னே எனக்குத் தெரியாது.

ஆளுக்கொரு கோலை அடியில குடுத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் எல்லாருமா பாவைத் தலைக்கு மேல தூக்கினாங்க. சாமி புறப்பாட்டுக்குக்கூட அப்படித் தூக்கினதில்ல. அதுக்கடியில என் ஆட்டோ போச்சு. கஞ்சி சொட்டு சொட்டா கூரை மேல வுழுந்துச்சு. நான் உள்ள உக்காந்து சிரிச்சேனா அழுதேனான்னு இப்ப கேட்டாலும் சொல்லத் தெரியல.

ஸ்கேன் சென்டர்ல நான் எறங்கின கொஞ்ச நேரத்துலயே யாரோட பைக்குலயோ பின்னாடி உக்காந்து அவரும் வந்துட்டாரு. கையெல்லாம் கஞ்சி காஞ்சு வெள்ளையா இருந்துச்சு. பாவு முனையைப் பாதியில வுட்டுட்டு வந்தவர் எங்க ஊர்ல யாரும் கிடையாது. "பாவு?"ன்னு கேட்டேன். "தெரு பாத்துக்கும்"னாரு. அதுக்குள்ள என்னை உள்ள கூப்பிட்டாங்க.

ஸ்கேன் பாக்கற டாக்டர் சின்னப் பொண்ணு. வயித்துல குளுகுளுன்னு ஜெல்லைத் தடவி, சோப்புக்கட்டி மாதிரி ஒண்ணை வச்சு அழுத்துச்சு. "மெதுவாம்மா, அணை ஒடஞ்சிடும்"னேன். "நல்லா நிரம்பியிருக்குங்க, படம் தெளிவா வருது"ன்னு சிரிச்சுது. அப்புறம் அது திரையையே பாக்குது, நான் அது முகத்தையே பாக்கறேன். அக்கா கண்ணுக்குள்ள வந்து நின்னா.

"ரெண்டு நார்க்கட்டி இருக்குங்க. நிறைய பேருக்கு வர்றதுதான். புத்துநோய்னு சந்தேகப்படற மாதிரி இதுல எதுவும் தெரியல. ரிப்போர்ட்டை உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க, அவங்கதான் முடிவு சொல்லணும். இப்ப நீங்க பாத்ரூம் போலாம்."

மகராசி! அந்தக் கடைசி வாக்கியத்துக்கே அதுக்குக் கோயில் கட்டலாம்.

உள்ளயே இருந்த பாத்ரூமுக்குப் போய்ட்டு வெளிய வந்தா அவர் நாற்காலி காலி. கீழ ஒரு காலித் தண்ணி பாட்டில் உருண்டுகினு கிடந்துச்சு. "அவரு பாத்ரூம்ல இருக்காருங்க"ன்னு டோக்கன் குடுக்கற பொண்ணு சொல்லுச்சு. "நீங்க உள்ள போனதும் மடமடன்னு முழு பாட்டிலையும் குடிச்சாரு. ஸ்கேன் உங்களுக்கா சார்னு கேட்டேன். இல்லம்மா, அவ மட்டும் ஏன் தனியா அவஸ்தைப் படணும்னாரு."

அந்த நல்ல சேதியை வச்சிகினு நான் பாத்ரூம் கதவுக்கு முன்னாடி நின்னேன். தண்ணியைக்கூட அடக்கிட்டேன், இதை அடக்க முடியல. கதவைத் தட்டி, "ஏங்க, அது இல்லியாம்! வெறும் நார்க்கட்டியாம்!"னு கத்திட்டேன். அங்க உக்காந்திருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

கதவு தெறந்துச்சு. மனுஷன் அப்படியே செவுத்தைப் புடிச்சிகினு தரையில உக்காந்துட்டாரு. மயக்கம்னு நெனச்சுத் தாங்கப் போனேன். இல்ல, அழுதுகினு இருந்தாரு.

"எனக்கு மயக்கம் வரும்னுதானே சொல்லல நீ?"ன்னாரு. "வுழுந்தாலும் எழுந்து உங்கூட வருவேன்ல?"

பக்கத்துல தரையிலயே உக்காந்து, அவர் கையில காஞ்சிருந்த கஞ்சியை நகத்தால சுரண்டிகினு இருந்தேன்.