மறுப்பில்லாதவர்கள்

ஒரு தடவைக்கு ஆறு எழுத்து. அதற்கு மேல் திரையில் கொள்ளாது. ஃபுசாயே அக்கா இடது கையால் கருவியின் தட்டை நகர்த்த நகர்த்த, அதன் மேல் விரித்த செய்தித்தாளின் எழுத்துகள் உள்ளங்கை அகலத்துக்குப் பெருத்துத் திரையில் ஊர்ந்து வருகின்றன. பிற்பகல் இரண்டேகால் மணிக்கு எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், குளிருக்கு ஏற்றிய மண்ணெண்ணெய் அடுப்பின் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தால், உள்ளூர்ச் செய்திப் பக்கம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

"பாலம் கட்டப் போறாங்களாம். எவன் போகப்போறான் அந்தக் கரைக்கு? கரடியா?"

வயது அறுபத்து மூன்று. ரயில் நிலையத்தை ஒட்டிய சாப்பாட்டுக் கடையில் விடியற்காலை நாலு மணிக்குச் சோற்றுருண்டை பிடிக்க ஆரம்பித்தால், ஒரு மணிக்குள் இருநூற்றைம்பது முடித்துவிடுவார். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய் ஆறு வருடமாகிறது. ஓரப்பார்வை மிச்சமிருப்பதால் தெருவில் தடுமாறமாட்டார். ஆள் யாரென்று நடையை வைத்தே சொல்லிவிடுவார். எழுத்துதான் கைவிட்டுப் போனது. வேலைக்குக் கஷ்டமில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "சோறு பிடிக்கக் கண்ணு எதுக்குடா? உப்பு கூடினா விரலே சொல்லும்" என்றார்.

ஆனால் கண் தெரியவில்லை என்று ஊரில் யாரிடமும் சொல்லமாட்டார். என் சைக்கிள் கடைக்கு ஏதாவது கடிதத்தோடு வருவார். "கண்ணாடிய வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன், இத வாசி" என்பார். எந்தக் கண்ணாடியும் அவருக்கு உதவாது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருவரும் அந்த மறந்துபோன கண்ணாடியைப் பற்றி ஆறு வருடமாகப் பேசி வருகிறோம்.

எழுத்தைப் பெருக்கிக் காட்டும் அந்தக் கருவி எங்கள் கிளை நூலகத்தில் மட்டும்தான் இருக்கிறது. தினம் இரண்டு மணி நேரம், அவர் யாரையும் கெஞ்சாமல் படிக்கிற நேரம் அது. பக்கத்து நகரத்துப் பெரிய நூலகத்தில் அப்படி ஒன்று உண்டா என்று நானே தொலைபேசியில் கேட்டேன். "தற்போதைக்குத் திட்டமில்லை" என்று தேன் ஒழுகச் சொன்னார்கள். அங்கே போக நாளைக்கு இரண்டே பேருந்து.

இனி என் வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் முப்பத்து நான்கு வீடுகள். ஊராட்சி அலுவலகத்திலிருந்து என்ன சேதி வந்தாலும் ஒரு பலகையில் செருகி முதல் வீட்டுக்குத் தருவார்கள். பார்த்ததற்கு அடையாளமாக, பெயர் செதுக்கிய குடும்ப முத்திரையைத் தாளிலுள்ள கட்டத்தில் சிவப்பு மையில் வைத்துவிட்டு, பலகையை அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிட வேண்டும். மணி அடிக்கக் கூடாது, ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எவன் வீட்டில் பலகை தூங்கியது என்ற பேச்சு வந்தால் வருடக்கணக்கில் அழியாது. அதனால் நாங்கள் படிப்பதில்லை, முத்திரை வைப்போம். பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

போன நவம்பரில் வந்த பலகையில் நாலு தாள். பனி அள்ளும் முறைப்பட்டியல், குப்பை பிரிக்கும் விதி, மூத்தோர் தடுப்பூசி. நாலாவது தாளில், எறும்பு சைஸ் எழுத்தில், கிளை நூலகத்தை மார்ச் மாதக் கடைசியோடு மூட மறுப்பில்லாதவர்கள் முத்திரையிடவும் என்று ஒரு வரி. கீழே வழக்கமான அதே கட்டங்கள். யார் மூளையில் உதித்த யோசனையோ, அந்த மனிதருக்கு எங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. முப்பத்து நான்கு கட்டமும் சிவந்து திரும்பிப் போனது.

ஜனவரியில் நூலகக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். அக்கா அதைப் பிய்த்துக்கொண்டு போய்க் கருவியின் தட்டில் வைத்து ஆறு ஆறு எழுத்தாகப் படித்தார். "பகுதி மக்களின் ஒருமித்த இசைவுடன்" என்ற இடம் வந்ததும் எழுந்து நேரே என் கடைக்கு வந்தார்.

"நீ படிச்சியா?"

"எதை அக்கா?"

"நாலாவது தாள."

என் கையில் சங்கிலி எண்ணெய். துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"நானும் படிக்கல. எனக்கு அந்த எழுத்து தெரியல. பலகை நம்ம வீட்ல தங்கிடுச்சுன்னு பேர் வரக் கூடாதுன்னு வெச்சுத் தள்ளிட்டேன். என்கிட்ட கண்ணாடி இல்ல, சரி. உங்களுக்கெல்லாம் என்ன கேடு?"

ஏற்கெனவே துடைத்த விரலையே மறுபடி துடைத்தேன்.

வைத்த முத்திரையைத் திரும்பப் பெற இங்கே ஒரு வழி உண்டு. அதன் மேல் இரண்டு கோடு கிழித்து, பக்கத்தில் அதே முத்திரையை மறுபடி வைக்க வேண்டும். பாதிக்கு மேல் வீடுகள் அப்படிச் செய்தால் விஷயம் திரும்ப ஊராட்சி மன்றத்துக்குப் போகும். மூலத்தாள் அலுவலகத்தில் பூட்டிக் கிடந்தது. பிப்ரவரிக் கூட்டத்துக்குத்தான் கொண்டுவருவார்கள். அதற்குள் ஆள் சேர்க்க, அக்கா வெறும் பலகையைத் தூக்கிக்கொண்டு முப்பத்து நான்காம் வீட்டிலிருந்து பின்பக்கமாகப் புறப்பட்டார். பலகை எதிர்த் திசையில் வந்ததை எங்கள் தெரு அதுவரை கண்டதில்லை. போதாததற்கு ஒவ்வொரு வீட்டிலும் மணி அடித்தார்.

பகுதித் தலைவர் தொகிதாவின் வாசலில் நடந்ததை நானே கேட்டேன்.

"உங்க வீட்டுக்கு அப்புறம் எங்க வீட்டுக்கு வராதே அக்கா பலகை. வழி மாறி வந்துட்டீங்களா?"

"வழியெல்லாம் சரிதான் தலைவரே. வெச்ச முத்திரைய எடுக்கச் சொல்லித் திரும்பி வருது. படிச்சிட்டுத்தான வெச்சீங்க?"

"படிக்காமலா?" தொகிதா தன் செருப்பைப் பார்த்தார். "முதல் தாள் படிச்சேன்."

"அப்ப எடுத்துடுவீங்களா?"

"எடுக்க மாட்டேன்னு சொல்லல. தலைவனா இருந்துகிட்டு நானே முதல்ல எடுத்தா நல்லாவா இருக்கும்? யாராவது ஒருத்தர் எடுக்கட்டும், அடுத்தது நான்."

முப்பத்து மூன்று வாசலிலும் இதே பாட்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாசலிலும் இதே பாட்டுதான். அக்கா பலகையை இடுக்கிக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் ரெண்டாவதா வர்றேங்கிறீங்க. இப்படி ஒரு ஓட்டப்பந்தயம் நான் பாத்ததே இல்லடா."

கூட்டத்தன்று பொதுக்கூடத்தின் கூரை ஒழுகியதால் நூலகத்திலேயே நாற்காலி போட்டார்கள். அலுவலகத்திலிருந்து மிசோகுச்சி என்ற இளைஞர் வந்திருந்தார். எடுத்ததற்கெல்லாம் இடுப்பு வளையக் குனிகிற பையன். மூலத்தாளை உயர்த்திக் காட்டி, மக்களின் விருப்பத்தை அலுவலகம் மதிக்கிறது என்றார். தொகிதா தேநீரை ஊதினார். மற்றவர்கள் அவரவர் முழங்காலைப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் நானும் என் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து அக்கா எழுந்தார். "அந்தத் தாளக் கொஞ்சம் குடு தம்பி. எதுக்கு சீல் வெச்சேன்னு படிக்கணும்."

"அப்பவே படிச்சிருப்பீங்களே அம்மா."

"படிக்கல. எனக்குக் கண்ணு தெரியாது."

ஆறு வருடம் யாருக்கும் தராத அந்த வாக்கியத்தை முழு ஊருக்கும் முன்னால் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். மிசோகுச்சிக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. குனிந்து தாளை நீட்டினார். அக்கா அதைக் கருவியின் தட்டில் வைத்து விளக்கைப் போட்டார்.

எறும்புகள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்து திரையில் வந்தன. அக்கா ஆறு ஆறாக உரக்கப் படித்தார். மறுப்பில்லாதவர்கள் என்ற சொல் இரண்டு துண்டாக வந்தது. நாலாவது தாளை ஊர் படித்தது அன்றைக்குத்தான். பிறகு கட்டங்கள் வந்தன. தொகிதாவின் பெயர் திரை கொள்ளாமல் சிவப்பாக வந்து நின்று நகர்ந்தது. அடுத்து இன்னொரு பெயர். அடுத்து என் பெயர். பின் வரிசையில் யாரோ இருமினார்.

தன் பெயர் வந்ததும் தட்டை நிறுத்தினார். திரையில் பனை மரம் போல ஒரு பேனா தெரிந்தது. சோறு பிடித்து வெந்த விரல்கள் தெரிந்தன. ஒரு கோடு. கொஞ்சம் கோணலாக இன்னொரு கோடு. பையிலிருந்து முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்துத் திறந்து, ஒற்றி, பக்கத்தில் அழுத்தி வைத்தார்.

"அம்மா, ஒருத்தர் எடுத்தா ஒண்ணும் மாறாதுங்க" என்றார் மிசோகுச்சி, உண்மையான வருத்தத்தோடு.

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. முத்திரையைத் துடைத்துப் பைக்குள் போட்டார். தாளை எடுத்துவந்து என் முன்னால் மேசையில் வைத்தார். மைப்பெட்டியின் மூடியைப் போடாமல், திறந்தபடியே என் பக்கம் நகர்த்தினார்.