ஞானராஜ் முதலாளியின் மோட்டார் நாற்காலியும் நான்கு ஸ்க்ரூவும்

எழுதுவதற்கு மன்னியுங்கள். இங்கே எல்லோருக்கும் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகிற ஆள் நான்... இறந்த வீட்டில் பேசக்கூடாததைப் பேசப்போகிறேன் என்பதும் தெரியும்.

ஞானராஜ் முதலாளி நேற்று காலமாகிவிட்டார். கொடைக்கானலில் மரச்சாமான் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர்.

காலையிலிருந்து நம் குரூப் முழுக்க ஒரே போட்டோ. ஆடும் நாற்காலியில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "மலையின் முதல் மோட்டார் நாற்காலியைக் கண்டுபிடித்த மேதை"... வரிசையாகக் கைகூப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் கூப்பவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் முடித்துவிட்டு அவரிடம் இங்கிலீஷ் லெட்டர் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் டிகிரி.

அதே ஒர்க்‌ஷாப்பில் என் அப்பா கறுப்பையா மரத்துக்கு உப்புத்தாள் தேய்த்தார். சிலோனில் தேயிலை ஃபேக்டரி ஃபிட்டர். இங்கே வந்து இறங்கியதும் வெறும் 'சிலோன்காரன்'.

ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் வெள்ளைக்கார டீச்சரம்மா ஒருவர் தனியாக இருந்தார். கால்கள் வராமல் போய்விட்டன, தரையை உந்தி நாற்காலியை ஆட்ட முடியவில்லை. தானாக ஆடும் நாற்காலி செய்ய முடியுமா என்று லெட்டர் போட்டார்.

"முடியும்னு அடிச்சு அனுப்பும்மா. எப்படிங்கிறத அப்புறம் பாப்போம்" என்றார் முதலாளி.

அவர் பார்க்கவே இல்லை. பார்த்தது நாங்கள்.

டீச்சரம்மா ஏறக்குறைய ஒரு கிழங்கு மூட்டை கனம் இருப்பார் என்று அவர் வீட்டுச் சமையல்காரம்மா சொன்னார். மன்னவனூர் உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றை நாற்காலியில் கட்டிவைத்து, ஒரு தள்ளு தள்ளிவிட்டு, வாட்சைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு நாற்பது ஆட்டம். எத்தனை தடவை எண்ணினாலும் நாற்பது.

"என்னம்மா, கெழங்குக்குத் தாலாட்டா? தூங்கிருச்சா?" வாசலில் நின்று சிரிப்பார் முதலாளி.

அந்த நாற்பதுக்குச் சரியாக வரும் மோட்டாரை அப்பா பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்தார். உடைத்துப் போட்ட டாக்ஸியின் வைப்பர் மோட்டார். மழையில் கண்ணாடியைத் துடைக்குமே, அதே வேகம்... பேட்டரியில் ஓடும், கரண்ட் போனாலும் நிற்காது.

மோட்டாருக்கும் நாற்காலியின் முதுகுக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங் கொடுத்தார். அடியில் யார் காலாவது மாட்டினால் இழுக்காமல் விட்டுக்கொடுக்கும்.

வைப்பருக்கு இரண்டாவது வேகமும் உண்டல்லவா. அந்த வயரை டேப் சுற்றி மூடிவிட்டு முதலாளியிடம் சொன்னார்: "இதத் தொட்டுறாதீங்க தொரை. வேகம் கூடுனா ஆடாது, நடக்கும்."

கடைசியாக, சீட்டின் அடிப்பலகையில் ஆணி வைத்துப் புள்ளி புள்ளியாகத் தன் பெயரைக் குத்தினார். அவருக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல்.

அங்கே ஃபேக்டரியில் ஃபிட்டர்கள் அப்படித்தான் குத்துவார்களாம். பெருமைக்கு இல்லை. பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியவேண்டும், அதற்கு.

நாற்காலியைக் கொடுக்கப்போகிற அன்று காலை முதலாளி ஒரு பித்தளைத் தகட்டோடு வந்தார். 'டிசைன் அண்ட் மேட் பை ஞானராஜ்.'

கவிழ்த்துப் போட்ட நாற்காலியில் அப்பாவின் பெயரைப் பார்த்தார். சரியாக அதன்மேல் தகட்டை வைத்தார்.

"ஒங் கை சின்னக் கை, சந்துக்குள்ள போகும். வெரசா முடுக்கு."

முடுக்கினேன். நான்கு ஸ்க்ரூ. அப்பா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

மதியம் பங்களாவில் விருந்தாளிகள். மெதுவாக ஆடினால் எடுப்பாக இருக்காது என்று, முதலாளி அந்த டேப்பைப் பிரித்து வேக வயரை மாட்டியிருந்தார். முதலில் தானே உட்கார்ந்தார். நீள வயரில் ஸ்விட்ச், என் கையில்.

போட்டேன். இரண்டு ஆட்டம் ஆடியது. பிறகு நடந்தது... பாலிஷ் போட்ட தரையில் குதித்துக் குதித்து, முதலாளியைச் சுமந்துகொண்டு, எரிகிற ஃபயர்பிளேஸைப் பார்த்து.

"ஏய் நிறுத்து! நிறுத்துங்கிறேன்ல! ஏலே, யாராச்சும் புடிங்கடா!"

நான் எண்ணினேன். பதினொன்று வரை எண்ணிவிட்டுத்தான் ஸ்விட்சை அணைத்தேன்.

"பயத்துல கை வரல முதலாளி" என்றேன் பிறகு. கூச்ச சுபாவக்காரி, எல்லோரும் நம்பினார்கள். டீச்சரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு முதலாளி அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "சிலோன்காரன் பாத்த வேல. கறுப்பையான்னு ஒருத்தன். கொழுந்து கிள்ளத்தானே தெரியும் அவனுகளுக்கு."

அன்றுதான் அந்த நாற்காலியோடு சேர்த்து அப்பாவின் பெயரை அவர் வாயால் கேட்டேன்.

வாசலில் நின்ற அப்பா உள்ளே வந்து வேக வயரைக் கழற்றினார். டீச்சரம்மாவை உட்காரவைத்தோம். நாற்பது. அழகாக ஆடியது. கைதட்டல் முதலாளிக்கு.

மறுநாள் அப்பாவை வேலைக்கு வரவேண்டாம் என்றார். அப்பா பெரும்பாறைக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனார்.

நான் எண்ணியதால்தானே இப்படி ஆனது என்று பல மாதம் மனதில் வைத்திருந்து, ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டேன்.

தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்தார். "பதினொண்ணுதானா புள்ள? இருவது எண்ணியிருக்கலாமே..."

அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. அவருக்கு யாரும் போட்டோ போடவில்லை. போடுவதற்கு அவர் போட்டோ ஒன்றுகூட இல்லை.

போய் வாருங்கள் முதலாளி. நான் மன்னிக்கவில்லை... அதையும் சொல்லி அனுப்புகிறேன்.

ஸ்டெல்லா, நீ இதைப் படிப்பாய். டீச்சரம்மா சொந்த ஊருக்குத் திரும்பும்போது அந்த நாற்காலியை முதலாளியிடமே, உன் அப்பாவிடமே விட்டுப்போனார், இப்போது உன் வீட்டு ஹாலில்தான் இருக்கிறது. உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு போதும். நாற்காலியைக் கவிழ்த்து அந்த நான்கு ஸ்க்ரூவையும் கழற்றம்மா. தகட்டுக்கு அடியில் இருப்பதை ஒரு போட்டோ எடுத்து இங்கே போடு.