கனிவான கவனத்திற்கு ஒரு கவிதை

எங்கள் அண்ணனின் குரலைக் கேட்காத காது இந்த ஊரில் கிடையாது. மூஞ்சியைத்தான் யாருக்கும் தெரியாது. பஸ் நிலையத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று மைக்கில் சொல்வது அவன் வேலை. ஊரே அவன் பேச்சைக் கேட்டு ஓடும். வீட்டில் அவன் உப்பு கேட்டால் பக்கத்து நாற்காலியில் இருக்கிற எனக்கே கேட்காது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அப்பேர்ப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை நடைக் குழுவில் சேர்ந்தான். வயல்வரப்பு, ஓடைக்கரை என்று நடந்துபோய், ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஆளுக்கொரு கவிதை படிக்கிற கூட்டம் அது. தலைவர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். லோன் கேட்டு வந்தவர்களைப் பார்ப்பதுபோல் மரங்களைப் பார்த்து, பாதியை நிராகரித்த பிறகுதான் உட்கார விடுவார். அண்ணன் வெயிலில் மயங்கி விழுந்துவிடுவான் என்று சாக்கு சொல்லி நானும் ஒட்டிக்கொண்டேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறென்ன?

இவன் முறை வந்தால் மட்டும் தொண்டையைத் தடவிக் காட்டுவான். குழுவில் அவனுக்குப் பெயரே 'தொண்டைக்கட்டு' என்றாகிவிட்டது. நோய் தொண்டையில் இல்லை, எதிரே இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்த அம்மா, இவனைப் போலவே கல்யாணம் ஆகாதவர். அவர் நிமிர்ந்து பார்த்தால் போதும், இவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சட்டைப்பையில் கிடந்து வியர்வையில் ஊறிய கவிதையில் ஒரு மைனா வரும். அது யாரென்று எனக்குத் தெரியும். மைனாவுக்குத்தான் தெரியாது.

போன வாரம் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: "அடுத்த ஞாயித்துக்கெழம படிக்காதவங்க அதுக்கப்புறம் வர வேணாம்." அண்ணன் வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. குழு போனால் அந்த அம்மாவும் போச்சு.

அந்த ஞாயிறும் வந்தது. எழுந்து நின்றான். தாளைப் பிரித்தான். உதடு அசைந்தது, சத்தத்தைக் காணோம். எனக்குப் பொறுக்கவில்லை. ஃப்ளாஸ்க் மூடியைக் கழற்றி அவன் கையில் திணித்தேன்.

"இந்தா, மைக்குன்னு நெனச்சுக்கோ. கண்ண மூடிக்கிட்டுப் படிச்சுத் தொல!"

கண்ணை மூடினான். மூடியை வாயருகே கொண்டுபோனான். கணீரென்று வந்தது குரல்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

தலையில் அடித்துக்கொண்டேன். பழக்கதோஷம்! அதே ராகத்தில் கவிதை தொடர்ந்தது. "வரப்பின் வழியாக வந்துகொண்டிருக்கும் மைனா, இன்னும் சற்று நேரத்தில்..."

கூட்டம் எழுந்துவிட்டது. வேண்டுமென்று இல்லை, பாவம். ஆயுள் முழுக்க அந்தக் குரலைக் கேட்டதும் பையைத் தூக்கியே பழகிய ஜனம். புல்லைத் தட்டினார்கள், செருப்பைத் தேடினார்கள். மேனேஜர் ஓடைக்கரைச் சரிவில் பாதி தூரம் இறங்கியாகிவிட்டது.

அண்ணன் கண்ணைத் திறந்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, திட்ட வாயெடுத்த எனக்கே அழுகை வந்தது.

கண்ணாடிக்கடை அம்மா மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

"நீங்க... கெளம்பலையா?" என்றான்.

"அந்தக் குரல் நீங்கதானா?" அவர் அவனையே பார்த்தார். "அதக் கேட்டுக்கிட்டே நின்னு எத்தனையோ பஸ்ஸ விட்டிருக்கேன். வீட்ல போய் அம்மாகிட்ட, பஸ்ல ஒரே கூட்டம்னு பொய் சொல்வேன். அந்த மைனா அப்புறம் என்னாச்சு?"

மூடியைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் அவர் எதிரே உட்கார்ந்தான். படித்தான். உப்பு கேட்கிற குரலில்தான் படித்தான். அவருக்குக் கேட்டது.

திரும்பி வரப் பார்த்த மேனேஜரை நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். ஃப்ளாஸ்க் மூடியை அங்கேயே விட்டுவிட்டேன். டீ ஆறிப்போயிருந்தது. ஆறட்டுமே.