ஆர்மோனியம் நின்ற இடம்

என் அக்கா திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். நோயாளிகளை டோக்கன் எண் சொல்லிக் கூப்பிடுவது அவள்தான். மைக் கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை. திருவிழாக் காலத்தில் வேலை முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு ஏதாவது ஓர் ஊருக்குக் கிளம்பிவிடுவாள். அங்கே மீசை ஒட்டிக்கொண்டு, இடுப்பில் வாள் செருகி, ராஜாவாக மேடை ஏறுவாள். இசை நாடகத்தில் ராஜபார்ட் என்றால் பேச்சைவிடப் பாட்டுத்தான் அதிகம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவளுடைய நாடகக் குழுவில் அந்த வேஷம் அவளுடையது.

நான் விழுப்புரத்தில் இருக்கிறேன். அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவன். அதனால் இதையும் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அரசு தொலைக்காட்சியிலிருந்து வந்து இவர்களுடைய நாடகத்தை ஒரு மண்டபத்தில் ஒளிப்பதிவு செய்தார்கள். பார்வையாளர்கள் எல்லோரும் கைப்பேசியை அணைத்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். நாடகம் குழுத் தலைவரே எழுதியது. வெள்ளத்தில் ஏரிக்கரை உடைகிறது. ராஜா ஆட்களை அனுப்பாமல் தானே போய் உடைப்பில் நிற்கிறான். மண்ணைத் தோளில் சுமந்தபடி, கரையைப் பார்த்து "நில்லு" என்று கெஞ்சியும் அதட்டியும் பாடுகிறான். பாட்டின் முடிவில் அம்மன் தோன்றுகிறாள். வழக்கமாக அம்மன் வருவதற்கு ஒரு தட்டில் சாம்பிராணி போடுவார்கள். அன்றைக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் புகை விடும் இயந்திரம் கொண்டு வந்திருந்தார்கள். அதை முன்கூட்டியே போட்டுவிட்டார்கள். புகை அம்மன் பக்கம் போகாமல், மேடையோரம் உட்கார்ந்திருந்த ஆர்மோனியக்காரர் மேல் போனது.

அவருக்கு இருமல் வந்துவிட்டது. சாதாரண இருமல் இல்லை. இரண்டு கையையும் எடுத்துவிட்டு, துண்டால் வாயை மூடிக்கொண்டு குனிந்துவிட்டார். ஆர்மோனியம் நின்றது. அக்கா பாட்டின் நடுவில் இருந்தாள்.

இவர்கள் மேடையில் ஒரு வழக்கம் உண்டு. தொடங்கிய பாட்டை நிறுத்தக் கூடாது. அக்கா நிறுத்தவில்லை. ஒரு சரணம் முழுவதையும் சுருதிக்கு எந்தத் துணையும் இல்லாமல் பாடினாள். மிருதங்கம் இருந்தது, ஆனால் இருமல் சத்தத்தில் தாளத்தைத் தவிர அதிலிருந்து வேறெதுவும் தன் காதில் விழவில்லை என்கிறாள். சரணத்தின் கடைசி வரியில் ஆர்மோனியக்காரர் நிமிர்ந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினார். சரியாக அதே நேரத்தில் அம்மன் தோன்றினாள். கூட்டம் விசிலடித்தது. ஆர்மோனியத்தோடு தன் குரல் சேர்ந்ததா, தள்ளி நின்றதா என்பதை அக்காவால் கேட்க முடியவில்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டும். துணையில்லாமல் பாடும்போது குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவது சாதாரணமாக நடப்பதுதான். பாடுகிறவருக்கே தெரியாது. ஆனால் ஆர்மோனியத்தின் கட்டை இறங்காது. அது திரும்பி வரும்போது குரல் எங்கே நிற்கிறது என்பது பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிடும்.

நாடகம் முடிந்து கேட்டதற்கு ஆர்மோனியக்காரர், "சூப்பரா இருந்துதும்மா" என்றார். அவர் யாரையும் குறை சொல்லி யாரும் கேட்டதில்லை. ராணி வேஷம் போட்டவள் மட்டும், "கொஞ்சம் எறங்கிச்சோன்னு இருந்துச்சுக்கா" என்றாள். அவள் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. திரும்ப எடுக்கலாமா என்று அக்கா தொலைக்காட்சிக்காரர்களிடம் கேட்டாள். மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும், எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அன்றிலிருந்து அவள் பாடவில்லை. குளிக்கும்போதுகூட முணுமுணுப்பதில்லை என்று மாமா எனக்குப் போன் செய்து சொன்னார். அடுத்த திருவிழாக் காலத்துக்கு வேஷம் பிரிக்க வேண்டும் என்று குழுத் தலைவர் கேட்டபோது, "டிவில வர்றத பாத்துட்டு சொல்றேண்ணே. எறங்கியிருந்தா மீசைய வேற யாருக்காவது குடுத்துடு. நான் மந்திரியா நின்னுக்கறேன்" என்று சொல்லியிருக்கிறாள். மந்திரிக்குப் பாட்டே கிடையாது.

ஒளிபரப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்று தகவல் வந்தது. மறு ஒளிபரப்பு உண்டா, இணையத்தில் போடுவார்களா என்று கேட்டதற்கு யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. திண்டிவனத்தில் இருந்தால் தெருவே வீட்டில் வந்து உட்காரும், மருத்துவமனையிலிருந்தும் வருவார்கள். அவர்களை மாமாவிடம் விட்டுவிட்டு அக்கா விழுப்புரத்துக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"எல்லாரும் டிவிய பாக்க மாட்டாங்கடா, என் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருப்பாங்க" என்றாள்.

நான் முன்னேற்பாடாக இருந்தேன். எங்கள் கேபிளில் அந்தச் சேனல் எந்த எண்ணில் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தும் கிடைக்காததால் கேபிள்காரருக்குப் போன் செய்தேன்.

"அந்த சேனலா? இன்னா சார், ரிமோட்ல அவ்ளோ தூரம் யாரும் போனதே இல்லையே" என்றார். ஆனாலும் தேடி எண்ணைச் சொன்னார். சனிக்கிழமை போட்டுப் பார்த்தேன். தெளிவாக வந்தது, மண்புழு உரம் தயாரிப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். என் மனைவியும் நானும் அதை முழுவதும் பார்த்தோம்.

ஞாயிறு காலை மின்வாரியத்து ஆட்கள் எங்கள் தெருவில் கம்பியில் உரசும் கிளைகளை வெட்டினார்கள். ஒரு கிளை கேபிள் மேல் விழுந்தது. தெரு முழுவதும் படம் போய்விட்டது.

மறுபடியும் கேபிள்காரருக்குப் போன் செய்தேன். "சாயந்திரம் ஆயிடும் சார். ஆளு கோலியனூர்ல ஒரு வேலையா மாட்டிக்கினு இருக்கான். நம்ம மேல தப்பு இல்ல சார், மரத்து மேல தப்பு."

என் மனைவிதான் யோசனை சொன்னாள். "எதிர் வீட்டு அண்ணன் மொட்ட மாடில சின்ன டிஷ் வச்சிருக்காரு இல்ல, மாசப் பணம் கட்டாதது? அதுல கவர்மெண்டு சேனல் எல்லாம் வரும். வாங்க அண்ணி, ஜல்தி."

எதிர் வீட்டுக்காரர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பகல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னதும் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

"எங்க தெருவுக்கு ராஜா வந்திருக்காருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா சட்டையாவது போட்டுக்கினு இருந்திருப்பேனே" என்றார் அக்காவிடம். பல நாள் கழித்து அவள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

நாடகம் தொடங்கிவிட்டிருந்தது. ராஜா சபையில் உட்கார்ந்திருந்தான். நான் அக்காவை மேடையில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் எப்போதும் மேடைக்குக் கீழேயிருந்து. கேமரா அவள் முகத்தருகே போனபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். மற்றவர்கள் பாடும்போது அவள் கண் அவர்களை விட்டு அகலவே இல்லை. யாருக்கோ ஓர் அடி தடுக்கியபோது அவள் உதடு அந்தச் சொல்லை மெல்ல எடுத்துக் கொடுத்தது. அரசன் அமர்ந்திருக்கும் நிமிர்வு குலையாமல் அதைச் செய்தாள். இத்தனை ஆண்டு முன்வரிசையில் உட்கார்ந்தும் எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

ராஜா ஏரிக்கரைக்குப் புறப்படும் கட்டத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. சரியானது. மறுபடி உடைந்தது. பிறகு சத்தமும் சேர்ந்து நின்றது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு?" என்று எதிர் வீட்டுக்காரர் எழுந்தார். சட்டென்று தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, மல்லாட்டை!"

தம்பியின் நிலத்திலிருந்து வந்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, எண்ணெய் ஆட்டுவதற்காக மாடியில் காய வைத்திருந்தார். காலையில் வானம் இருட்டவே தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார். மூன்று மூலைக்குச் செங்கல் கிடைத்தது. நாலாவது மூலையைக் கயிறு போட்டு டிஷ்ஷின் கம்பியில் கட்டிவிட்டார். காற்று அடிக்கும்போதெல்லாம் தார்ப்பாய் உப்பி டிஷ்ஷை இழுத்துக்கொண்டிருந்தது.

நான் எழுந்தேன். அவர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "நீ உக்காரு சார். உங்க அக்கா பாட்ட நீ பாரு. முடிச்சு நான் போட்டது, எனக்குத்தான் அவுக்க வரும்." வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. "மல்லாட்டை நனையுமே அண்ணே" என்றாள் என் மனைவி. "நனைஞ்சா காயும்" என்று சொல்லிக்கொண்டே படியேறிப் போனார்.

படம் வந்தது. ராஜா தோளில் மண் கூடையோடு நின்று பாடிக்கொண்டிருந்தான். ஆர்மோனியமும் கூடவே ஒலித்தது. அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "இப்ப வரும்" என்றாள். புகை திரையின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. இருமல் சத்தம் லேசாகக் கேட்டது. ஆர்மோனியம் நின்றது.

அடுத்த நொடி படமும் நின்றது. மீசையும் திறந்த வாயுமாக ராஜா அப்படியே உறைந்து போனான்.

மாடியில் கயிறு இறுகிப்போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. "தெரியுதா?" என்று மேலேயிருந்து கத்தினார். "இல்லண்ணே!" என்றாள் என் மனைவி. "இப்ப?" "இல்லண்ணே!" "பேஜாரா போச்சே... இப்ப?"

அக்கா திரையைப் பார்க்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். சரணம் போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் விரல் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. உறைந்த படத்துக்கு முன்னால், சத்தமே இல்லாமல், அந்தச் சரணத்தை அவள் உள்ளுக்குள் பாடிக்கொண்டிருந்தாள். இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது அந்த விரலுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

ஆர்மோனியம் இல்லாத அந்தச் சரணத்தைக் கேட்பதற்காகத்தான் திண்டிவனத்திலிருந்து வந்தாள். அது போய்விட்டது என்றே நான் நினைத்தேன்.

திடீரென்று குரல் வந்தது. படத்துக்கு முன்பே குரல் வந்துவிட்டது. சரணத்தின் கடைசி வரி. மிருதங்கத்தையும் ஒற்றைக் குரலையும் தவிர எதுவும் இல்லை. குரல் வரியின் முடிவில் நீண்டு நின்றது. அந்த நீட்டலுக்கு அடியில் ஆர்மோனியம் வந்து சேர்ந்தது.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அது எனக்கும் தெரிந்தது. எந்த உரசலும் இல்லை. எது குரல், எது ஆர்மோனியம் என்று ஒரு கணம் பிரிக்க முடியவில்லை. மண்டபத்தில் விசிலில் மூழ்கிப்போன அந்த இடம், அவள் சட்டையில் குத்தியிருந்த மைக் வழியாகச் சுத்தமாகக் கேட்டது. ஒரு சரணம் முழுவதும் தனியாக நடந்துபோய், விட்ட இடத்தின் அதே உயரத்தில் வந்து நின்றிருந்தாள்.

அக்கா நிமிர்ந்தாள். "டேய், கேட்டியாடா?"

"கேட்டேன்க்கா."

"சேந்துச்சு இல்ல?"

"சேந்துச்சு."

"அண்ணி, நடுவுல பாடுனது எதையுமே கேக்க முடியலையே" என்றாள் என் மனைவி வருத்தமாக.

"அது எதுக்கு? வந்து சேர்ற எடம் சரியா இருந்தா நடுவுல வழி தப்பியிருக்காது." இதைச் சொல்லும்போதே அக்காவின் குரல் மாறிவிட்டது. மருத்துவமனை முழுவதற்கும் கேட்கிற பழைய குரல்.

மேலேயிருந்து, "தெரியுதாங்க? யாராவது சொல்லுங்களேன்!" என்று சத்தம் வந்தது. பதில் சொல்ல எங்கள் மூவருக்குமே மறந்து போயிருந்தது. நான் மாடிக்கு ஓடினேன். அவர் கயிற்றை அவிழ்த்துவிட்டு, டிஷ்ஷை இரண்டு கையாலும் குழந்தையைப் போல் பிடித்துக்கொண்டு தூறலில் நின்றிருந்தார். தார்ப்பாய் ஒரு மூலைக்குப் பறந்து கிடந்தது.

நான் இறங்கி வந்தபோது அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தாள். நாடகம் இன்னும் முடியவில்லை. அதை அவள் பார்க்கவும் இல்லை. குழுத் தலைவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னதை மட்டும் கேட்டேன்.

"ஆமாண்ணே, மீச எங்கிட்டயே இருக்கட்டும்... அழல, யாரு அழுதா? ... ஒண்ணு கேளு. இனிமே அந்தச் சரணத்துக்கு ஆர்மோனியம் வேணாம். ... இருமலுக்கு இல்லண்ணே. நெசமாத்தான் சொல்றேன். உடைப்புல ராஜா ஒத்த ஆளாத்தான நிக்கறான்? தனியாவே பாடட்டும். கடைசி வரில அவரு வந்து சேந்துக்கட்டும்."

மறுமுனையில் நீண்ட நேரம் ஏதோ சொன்னார். "எறங்கினா எறங்கட்டும்ணே. அப்ப ஊரே கேக்கும் இல்ல" என்றாள் அக்கா.

அடுத்த திருவிழாக் காலத்தில், கோலியனூரைத் தாண்டி ஓர் ஊரில் அந்த நாடகத்தைப் பார்க்கப் போனேன். முன்வரிசையில் இடம் இருந்தும், வேண்டுமென்றே கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்தேன். ஏரிக்கரைப் பாட்டு வந்தது. ஆர்மோனியக்காரர் கட்டையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பக்கத்தில் இருந்தவர் என்னிடம், "இன்னாங்க, பொட்டி ரிப்பேரா?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பி, "யோவ், சும்மா இருய்யா, பாடிக்கினு இருக்காங்க இல்ல" என்று அதட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவர்கூட நின்றுவிட்டார். அக்கா மண் கூடையோடு ஒற்றை ஆளாக நின்று சரணத்தைப் பாடிக்கொண்டு போனாள். ஆர்மோனியக்காரர் கையை மடியிலிருந்து எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.