தண்ணீர் பிடிக்காத பம்பு

உலகச் சண்டைக் காலத்தில் எங்கள் பக்கம் ஆயில் எஞ்சின் வைத்திருந்தவர்கள் குறைவு. தேவாரம் ஊருக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நான் ஒன்று வைத்தேன். அதற்காகக் கமலை மாடுகளை விற்றேன். மாடு இழுக்கத் தோல் பையில் தண்ணீர் இறைத்த கமலையையும் பிரித்துப் போட்டாகிவிட்டது. முதல் வருஷம் எஞ்சின் நன்றாக ஓடியது. அடுத்த சித்திரையில் கிணற்றைத் தூர் வாரிவிட்டு, கழற்றி வைத்திருந்த குழாயைத் திரும்ப இறக்கி, எஞ்சினைக் கிளப்பினேன். புகை வந்தது. பெல்ட் சுற்றியது. தண்ணீர் வரவில்லை.

பம்பு கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு மேடையில் இருந்தது. ஓட்டுவதற்கு முன் அதன் தலையில் உள்ள புனலில் தண்ணீர் ஊற்றி, பம்பையும் கீழே போகும் குழாயையும் நிரப்ப வேண்டும். நிரம்பினால்தான் இழுக்கும். அன்று குடம் குடமாக ஊற்றினேன். நிரம்பவே இல்லை.

மேலே வெற்றிலைக் கொடிக்கால். தூர் வாரிய நாட்களில் தண்ணீர் பாய்ச்ச முடியவில்லை. சோளம் மாதிரி வெற்றிலைக் கொடி பொறுத்துக்கொள்ளாது. அகத்தி நிழலிலேயே இலைகள் துவண்டு தொங்கின. கொடி போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. எஞ்சின் எண்ணெயும் ரேஷன் கூப்பனுக்குத்தான்; பீப்பாயைச் சாய்த்து வடித்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் வெறுமனே ஓடிய ஒவ்வொரு நிமிஷமும் எண்ணெய் வீணானது.

பக்கத்துத் தோட்டக்காரர் எனக்கு மாமன் முறை. கிணற்று மேட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"என்ன மாப்ள, எஞ்சினு புகைய மட்டுந்தான் இறைக்குமாக்கும்?"

"எங்கயோ காத்து வாங்குது மாமா."

"காத்து வாங்கணும்னா மலைப்பக்கம் போயி உக்காரச் சொல்லு."

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கை ஓடாது. போடியில் எஞ்சின் விற்ற கடையில் சொன்னால் ஆள் வர வாரக் கணக்காகும். குழாய் மூட்டுகளில் சணலை மறுபடி சுற்றி இறுக்கினேன். ஊற்றினேன். புனல் விழுங்கிக்கொண்டே இருந்தது.

என் மனைவி கீழ்ப்படியில் நின்று தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, ஊத்துறத நிப்பாட்டுங்க. குழாய் முனையில தண்ணி குமுறுது. நீங்க ஊத்துறது பூரா இங்கனயே திரும்பி வருது."

குழாயின் அடி முனையில் ஃபுட்வால்வு உண்டு. பித்தளைக் கூடு, உள்ளே ஒரு மூடி. தண்ணீரை மேலே ஏற விடும், கீழே இறங்க விடாது. அது மூடவில்லை என்று புரிந்தது. கயிறு கட்டிக் குழாயை மேலே இழுத்தோம். மாமாவும் கை கொடுத்தார். வால்வு தங்கம் மாதிரி மின்னியது. இறக்கிய அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

"யாரு இதைத் துலக்குனது?" என்றேன்.

கஞ்சி கொண்டுவந்திருந்த அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். "நாந்தான்யா. களிம்பேறிக் கெடந்துச்சு. புளி போட்டுத் தேச்சு, களத்து வெயில்ல காய வச்சேன். சாமி சாமானவிடப் பளிச்சுனு ஆயிருச்சுல்ல?"

கூட்டைப் பிரித்தேன். மூடியின் அடியில் இருந்தது தோல். புளியும் வெயிலும் பட்டு, பொரித்த அப்பளம் மாதிரி விளிம்பு சுருண்டிருந்தது.

மாமா எட்டிப் பார்த்தார். "அட, இதுக்குள்ளயும் தோலுதானா? இதுக்கா மாட்ட வித்த?"

"எஞ்சின வித்தவக தோலு இருக்குனு ஒரு வார்த்த சொன்னாகளா?" என்று மனைவி முணுமுணுத்தாள்.

கமலைத் தோல் காய்ந்தால் என்ன செய்வது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீரில் ஊறப்போட்டு, விளக்கெண்ணெய் நீவி, பாரம் வைக்க வேண்டும். மறுநாள் வரை ஆகும். அதுவரை கொடி தாங்குமா என்பதுதான் தெரியாது. பொழுது சாயும்வரை குடத்தில் சுமந்து முடிந்த வரிசைகளுக்கு ஊற்றினோம்.

"என்னாலயாய்யா?" என்று அம்மா ஒரு தடவை கேட்டாள்.

"இல்லம்மா, தோலு பழசு."

மறுநாள் தோல் படிந்து உட்கார்ந்தது. குழாயை இறக்கிப் புனலில் ஊற்றினேன். தண்ணீர் விளிம்புவரை ஏறி நின்றது. இறங்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கவில்லை. எஞ்சினைக் கிளப்பியதும் குழாய் இருமிக் காற்றைத் துப்பியது. பிறகு தண்ணீர்.

மேற்கு ஓரத்துக் கொடிகள் பிழைக்கவில்லை. மற்றவை பிழைத்தன. அன்று கடைசி வரிசை நனைந்த பிறகும் எஞ்சினை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நிறுத்தினால் மறுபடி பிடிக்குமோ, பிடிக்காதோ.

"வாய்க்கா வழிஞ்சு மாமா தோட்டத்துக்குப் போகுதுங்க!" என்று மனைவி வரப்பிலிருந்து கத்தினாள். "கேக்குதா? எண்ணெ தீரப்போகுது!"

கேட்டது. ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.