குழைந்த சோறும் இரண்டு மணி ஆட்டமும்

ஹனோவருக்குச் சனி, ஞாயிறில் மலிவாகப் போய்வருவது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் அந்தப் பாதையை நினைத்தாலே எனக்கு யப்பான் பெண்கள் உதைபந்தாட்ட அணியொன்றும் ஒரு பானை குழைந்த சோறும்தான் முன்னுக்கு வந்து நிற்கும். அதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும், வேறு வழியில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு செப்டெம்பர். நான் அப்போது ஜெர்மனியில், வுப்பர்டாலில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை செய்தேன். என் பெரியப்பாவின் மகன் பாலன் அண்ணை, ஹனோவரிலிருந்து முப்பது கிலோமீற்றர் தள்ளி ஒரு சின்ன ஊரில், உதைபந்தாட்டக் கழகத்தின் உணவகத்தில் சமையல்காரர். ஒரு புதன்கிழமை தொலைபேசி எடுத்தார்.

“பிள்ளை, யப்பானிலயிருந்து பொம்பிளையளின்ர ரீம் ஒண்டு வருது. எங்கட தலைவர் என்னைக் கூப்பிட்டு, நீங்களும் ஆசியா, அவையும் ஆசியா, சோறு நீங்கள் போடுங்கோ எண்டிட்டார். தனிய எனக்கு ஏலாது. வாறியே?”

யாழ்ப்பாணத்துக்கும் யப்பானுக்கும் நடுவில் எவ்வளவு கடல் கிடக்கிறது என்று அந்தத் தலைவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரைச் சொல்லி என்ன, சோறு சோறுதானே என்றுதான் நானும் நினைத்தேன்.

பயணத்துக்கு வருவோம். சனிக்கிழமை காலை ஆறரைக்கு வுப்பர்டாலில் ஏறி, ஹம்மிலும் மின்டனிலும் மாறி, பதினொரு மணிக்கு ஹனோவரில் இறங்கினேன். வார இறுதிச் சீட்டு அப்போது முப்பத்தைந்து மார்க். அதில் ஐந்து பேர் போகலாம். நான் ஒருத்திதான், மற்ற நால்வருக்குப் பதிலாகப் பத்துக் கிலோ தாய்லாந்து அரிசி. பாலன் அண்ணையின் ஊரில் அரிசி என்றால் ஓட்டை போட்ட சின்னப் பையில் அவிப்பதுதான் கிடைக்கும். அந்தச் சீட்டு வேக ரயிலில் செல்லாது, மறந்துபோய் ஏறிவிடாதீர்கள்.

அன்று பின்னேரம் யப்பான்காரிகள் வந்து இறங்கினார்கள். ஒரே நீலச் சட்டை, ஒரே மாதிரிப் பை. கூட வந்த மொழிபெயர்ப்பாளர் ஹனோவரில் படிக்கும் யப்பான் பெண், பெயர் யூகி. யப்பானில் ஒரு பெரிய கம்பனி நடத்தும் அணி இது என்றும், பந்து விளையாடுவதுதான் இவர்களுக்கு வேலை, மாதாமாதம் சம்பளம் என்றும் யூகி ஜெர்மனில் விளக்கினாள். பாலன் அண்ணை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பந்தடிக்கச் சம்பளமோ? சும்மா விசர்க்கதை கதைக்காதை!”

நானும் ஆடித்தான் போனேன். ஊரில் நான் ஓடினாலே அம்மாவிடம் அடி விழும்.

இரவுச் சாப்பாட்டுக்கு என் கைவரிசையைக் காட்டினேன். கஞ்சி வடித்து, பருக்கை பருக்கையாக, ஒன்றோடொன்று ஒட்டாத சோறு. மாமியாரே குறை சொல்ல முடியாத பதம். அவர்கள் குச்சியால் எடுக்க எடுக்க, வாய்க்குப் போகுமுன் பாதி கீழே கொட்டியது. ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. கோல் காக்கும் கெய்கோ மட்டும், நெட்டையான பெண், தட்டில் விழுந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாப்பிட்டாள். பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் என்ன பிழை என்று பிடிபடவில்லை.

ஞாயிறு இரண்டு மணிக்கு ஆட்டம். பதினொரு மணிபோல் மதியச் சோற்றுக்கு உலை வைத்து அரிசி போட்டேன். குசினிக் கதவடியில் கழகத்தின் தொலைபேசி தொங்கியது. மணி அடித்தது, யப்பானிலிருந்து. அவர்களுடைய பயிற்சியாளர் வந்து எடுத்தார். பேசப் பேச, எதிரில் ஆள் நிற்பதுபோல் தொலைபேசிக்குக் குனிந்து குனிந்து வணக்கம் வைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டேன். கடைசியாக ஒருமுறை குனிந்தவர் நிமிரவேயில்லை. மறுமுனை வைத்துவிட்ட சத்தம் எனக்கே கேட்டது. அப்போதும் குனிந்தபடி நின்றார்.

பிறகு சாப்பாட்டு அறைக்குப் போய் எல்லாரையும் எழுப்பி நிறுத்தி ஏதோ சொன்னார். இரண்டு நிமிடம்கூட இராது. யூகி குசினிக்கு ஓடிவந்தாள்.

“கம்பனி அணியை மூடுதாம். இந்தப் பருவத்தோட சரியாம். விடிஞ்சா அங்க பேப்பரில வந்திடுமாம், அதுக்கு முதல் சொல்லத்தான் போன் எடுத்தவையாம்.”

பத்தாயிரம் கிலோமீற்றர் தள்ளிக் கூட்டிவந்து, சாப்பாட்டுக்கு முன் தொலைபேசியில் வேலையைப் பறிக்கிறார்கள்! என்ன மனிதர்கள் இவர்கள்? கெய்கோவுக்குப் பள்ளிக்கூடம் முடிந்த நாளிலிருந்து இதுதான் வேலை, வேறொன்றும் தெரியாது என்று யூகி சொன்னாள். அறையில் ஒருத்தியும் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சோற்றை யார் நினைத்தது? மூடியைத் திறந்தால் வடிக்கக் கஞ்சியே இல்லை. எல்லாம் ஒரே களி.

“என்னடி பிள்ளை இது! இதை ஆருக்குக் குடுக்கிறது?” என்று பாலன் அண்ணை தலையில் கை வைத்தார். “சரி விடு, ஆர் இப்ப சாப்பிடப் போகினம்? ஆட்டமும் நடவாது.”

அந்த நேரம் தண்ணீர் எடுக்க வந்த கெய்கோ பானையை எட்டிப் பார்த்தாள். கேட்காமலே ஒரு விரலால் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தாள். திரும்பி அறையைப் பார்த்து ஏதோ கத்தினாள். அவ்வளவுதான், முழு அணியும் குசினிக்குள். கையை நனைத்தார்கள், உப்பைத் தொட்டார்கள், சூட்டோடு சோற்றை அள்ளி உருட்டி உருட்டித் தின்றார்கள். ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் சோறு சாப்பிடுகிறோம் என்றார்களாம். கெய்கோ உருண்டையை மென்றபடியே அழுதாள். எனக்கும் ஒன்று பிடித்துத் தந்தாள். வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒன்றேமுக்காலுக்கு அவர்கள் மைதானத்தில் நின்றார்கள். எதிரணி பக்கத்து ஊர்ப் பெண்கள், வேலை முடிந்து மாலையில் பந்து பழகுகிறவர்கள். பார்வையாளர் நூறு பேர் இருந்தால் அதிகம். சும்மா கடமைக்கு ஓடுவார்கள் என்று நினைத்தேன். அப்பா, அந்த ஓட்டம்! ஆறு கோல் அடித்த பிறகும் விடவில்லை. கடைசி நிமிடத்தில், கம்பத்துக்கு வெளியே போகிறதா உள்ளே வருகிறதா என்று தெரியாத ஒரு பந்துக்குக் கெய்கோ சேற்றில் பாய்ந்து விழுந்து தட்டிவிட்டாள். ஒரு கோல் போனால்தான் என்ன, அணியே இல்லையே என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

கழகத் தலைவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. முடிந்ததும் யூகியை வைத்துக் கெய்கோவிடம் கேட்டேவிட்டார், இவ்வளவும் நடந்த பிறகு இப்படி ஏன் விளையாடினீர்கள் என்று. கேள்வியே விளங்காதவள்போல் அவரைப் பார்த்தாள்.

“இரண்டு மணிக்கு ஆட்டம் எண்டு உங்களுக்குச் சொல்லியிருந்தமே.”

தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: பாதை இன்றும் அதேதான், சீட்டின் பெயரும் விலையும் மாறிவிட்டன, நிலையத்தில் கேளுங்கள். ஞாயிறு மாலை ரயிலில் சனம் நெரியும், ஐந்து மணிக்கு முன் ஏறுங்கள். யப்பான்காரருக்குச் சோறு போட வேண்டி வந்தால் வடிக்கவே வேண்டாம், குழைய விடுங்கள். கெய்கோ பிறகு என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. யூகிக்கும் தெரியாது.

அவர்களுடைய பஸ் புறப்படுமுன், அணி முழுக்கக் குசினி யன்னலுக்கு முன் வரிசையாக வந்து நின்று குனிந்தது. மற்றவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். கெய்கோ, காலையில் பயிற்சியாளர் தொலைபேசிக்கு முன் நின்றதுபோல, குனிந்தபடியே நின்றாள். எனக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை. பானையைச் சுரண்டியதில் சோறு ஒட்டிய கையோடு நானும் குனிந்தேன், அவள் நிமிரும் வரைக்கும்.